ஒற்றை மாத்திரைக் கோடு

வீட்டில் அவள் சின்னவள். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் கோட்டம்மா. இரண்டு பெயர்களையும் அவள் கேட்டு வாங்கவில்லை. முதலாவது, டாக்டருக்குப் படித்த அக்காவுக்குப் பின்னால் பிறந்ததற்காகக் கிடைத்தது. இரண்டாவதை வைத்தவர் தலைமை நர்ஸ். வைத்ததில் நியாயமும் இருந்தது. நோயாளிகளின் இரத்தம் பரிசோதனைக்கூடத்துக்குப் போவதற்கு முன்பே, அதில் என்ன அளவு வரப்போகிறது என்று கணக்கிட்டு, பெரிய தாளில் ஒரு கோடாக வரைந்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு, கூட்ட அறையின் பலகையில் மாட்டிவிடுவாள். முடிவுகள் வந்ததும் நோயாளிக்கு ஒரு குண்டூசி என்று அந்தத் தாளின் மேலேயே குத்துவாள். ஊசிகள் கோட்டை ஒட்டி வந்தால் அன்று முழுக்க அவள் நடையே வேறாக இருக்கும். வராவிட்டாலும் தாளைக் கழற்றமாட்டாள்.

"தப்பான கோடும் பலகையிலதான் இருக்கணும்," என்பாள். "விடையைப் பாத்துட்டுக் கணக்குப் போட்டா அதுக்குப் பேர் கணக்கு இல்ல."

இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்பதே அவளுடைய அம்மாவுக்கு முழுதாகப் பிடிபடவில்லை. யாராவது விசாரித்தால், "பெரியவ டாக்டர்," என்று ஆரம்பித்து, எந்தக் கல்லூரி, எத்தனை மெடல், எந்த வார்டு என்று வரிசையாகச் சொல்லி மூச்சு வாங்கிக்கொண்டு, "சின்னவளும் அதே ஆஸ்பத்திரிதான். கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா," என்று முடித்துவிடுவார். கேட்டவர்களும் அதற்கு மேல் கேட்பதில்லை. சின்னவளுக்கு அதில் கோபம் என்று சொல்ல முடியாது. செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி ஓர் உறுத்தல், அவ்வளவுதான்.

அவர்கள் அப்போது சோதித்துக்கொண்டிருந்த மருந்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மூட்டுகளை வீங்கவைத்து, விரல்களைக் கோணலாக்கி, கடைசியில் ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க விடாமல் செய்யும் நோய்க்கான புது மாத்திரை அது. உடம்புக்குள் அந்த நோய் எவ்வளவு கனன்றுகொண்டிருக்கிறது என்பதை இரத்தத்தில் உள்ள ஒரு புரதம் காட்டிக்கொடுக்கும். பிரிவில் எல்லாரும் அதை மார்க்கர் என்பார்கள். மார்க்கர் இறங்கினால் நோய் அடங்குகிறது என்று அர்த்தம். நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தினம் ஒரு மாத்திரை, மீதிப் பேருக்குத் தினம் மூன்று. யாருக்கு எத்தனை என்பதில் ஒளிவுமறைவு இல்லை. தொடங்கிய அளவிலிருந்து மார்க்கரை நாற்பது சதவீதமாவது இறக்கும் டோஸ்தான் அடுத்த கட்டத்துக்குப் போகும் என்பது ஆரம்பத்திலேயே எழுதி வைத்த விதி.

புதிதாக யார் வந்தாலும் சின்னவள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்துத்தான் விளக்குவாள். இரத்தத்தில் மார்க்கரை ஏற்றுகிற மோட்டாரின் வேகத்தைத்தான் மருந்து குறைக்கிறது. அதற்காகத் தொட்டி உடனே வற்றிவிடாது. ஏற்கெனவே ஏறியிருக்கும் தண்ணீர், குழாய் வழியாகப் போகிற வேகத்தில்தான் போகும். "எவ்வளவு இறங்கும்கிறது மருந்து கையில. எத்தனை நாள்ல இறங்கும்கிறது உடம்பு கையில," என்பாள். இந்த இரண்டையும் ஒரு முடிச்சாகப் போடுவதுதான் அவளுடைய கோடு.

நான்காவது வார முடிவுகள் வந்த அன்று, மூன்று மாத்திரைக்காரர்களின் சிவப்பு ஊசிகள் சிவப்புக் கோட்டோடு சொன்னபடி கேட்டுக்கொண்டு போயின. ஒற்றை மாத்திரைக்காரர்களின் நீல ஊசிகள்தான் முரண்டு பிடித்தன. இந்நேரம் முப்பது சதவீதம் இறங்கியிருக்க வேண்டும் என்றது நீலக் கோடு. ஊசிகளோ இருபதைக்கூட எட்டாமல், மழைக்கு ஒதுங்கிய கூட்டம் போலக் கோட்டுக்கு மேலே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒரே ஒரு நீல ஊசி மட்டும் கோட்டின் மேலேயே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

பெரிய டாக்டர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பலகையைப் பார்த்தார். சோதனைக்குத் தலைவர் அவர்தான்.

"நீலத்தை நிறுத்திடலாம்," என்றார். "அவங்களையும் மூணுக்கு மாத்திடலாம்."

"சார், நாலு வாரம்தானே ஆகுது," என்றாள் சின்னவள்.

"தெரியும்மா. தொட்டி, மோட்டார், குழாய் எல்லாம் நீ சொல்லிக் கேட்டாச்சு. ஆனா உன் கணக்குப்படியே முப்பது இறங்கியிருக்கணும். நீ போட்ட கோடே உனக்கு எதிரா சாட்சி சொல்லுதே."

அறையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவுடையது. சபையில் தங்கை என்ற சலுகையெல்லாம் கொடுக்கிற ஆளும் இல்லை.

"எனக்கும் நிறுத்தறதுதான் சரின்னு படுது சார்," என்றாள் அக்கா. "பலன் இல்லாத டோஸைத் தினம் குடுக்கறதும் பச்சைத் தண்ணியைக் குடுக்கறதும் ஒண்ணு. ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. மூணு மாத்திரை போடறவங்கள்ல பாதிப் பேருக்குத் தலை சுத்துது. நீலத்துல ஒரு பஸ் டிரைவர் இருக்கார். மூணுக்கு மாத்தினா அவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. டிரையலை விட்டே போயிடுவார். அவரை மாதிரி இன்னும் நாலஞ்சு பேர்."

"வருத்தம்தான். ஆனா வேலை செய்யாத டோஸை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

சின்னவள் எழுந்து நின்றாள். "மருந்தளவு பாக்கறதுக்காக எடுத்து வச்ச ரத்தம் இன்னும் ஃப்ரீசர்லதான் இருக்கு சார். அது வந்துடட்டும். மார்க்கர் ஏன் இறங்கலைன்னு கேக்கறதுக்கு முன்னாடி, மருந்து ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்துச்சான்னு தெரிஞ்சுக்கணும் இல்ல?"

பெரிய டாக்டர் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "ரெண்டு வாரம். அதுக்கு மேல உன் கோட்டுக்காக நோயாளியைக் காக்க வைக்க முடியாது."

அன்று மாலை அக்காவின் காரில்தான் வீட்டுக்குப் போனார்கள். முதல் சிக்னலில் அக்கா ஆரம்பித்தாள்.

"உன் கோடு தப்புன்னு ஒத்துக்க அவ்வளவு கஷ்டமாடி?"

"ஒத்துக்கிட்டுதானே பலகையில விட்டு வச்சிருக்கேன். ஏன் தப்புன்னு தெரியணும்."

"சின்ன வயசுலயும் இப்படித்தான். கேரம்ல காய் விழலைன்னா போர்டு கோணல்னு சொல்லுவ."

"ஒரு தடவை நிஜமாவே கோணலா இருந்துச்சு. அப்பா ரசமட்டம் வச்சுப் பாத்தாரே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முகம் மாறியது. "இது கேரம் இல்லடி. அந்த டிரைவர் நேத்து கையை நீட்டிக் காட்டறார். சுண்டு விரலை மடக்க முடியுதாம். அதுல ஒரு சந்தோஷம் மனுஷனுக்கு. 'மாத்திரையை நிறுத்திட மாட்டீங்களே டாக்டரம்மா'ன்னு கேக்கறார். நான் என்ன சொல்றது?"

"நிறுத்தமாட்டோம்னு சொல்லு."

"நீ எழுதிக் குடு. சொல்றேன்."

சின்னவள் பையிலிருந்து பேனாவை எடுத்தாள், மறுபடி உள்ளே வைத்தாள். சிக்னல் பச்சைக்கு மாறியது.

மருந்தளவு முடிவுகள் வந்தன. மூன்று மாத்திரை போடுகிறவர்களின் இரத்தத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு, ஒரு மாத்திரைக்காரர்களிடம் இருக்க வேண்டும். அப்படித்தான் அவள் கணக்கில் எடுத்திருந்தாள். ஆரோக்கியமான ஆட்களுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் சோதனையில் அப்படித்தான் இருந்தது. இங்கேயோ ஆறில் ஒரு பங்குதான் இருந்தது. போட்ட மாத்திரையில் பாதி, வழியிலேயே எங்கோ இறங்கிக்கொண்ட மாதிரி. ஒருவருக்கு மட்டும் கணக்காக மூன்றில் ஒரு பங்கு. யாரென்று எண்ணைப் பார்த்தாள். கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த அதே நீல ஊசி.

"சின்ன டோஸ்ல இந்த மருந்து குடலைத் தாண்டறதில்ல போலிருக்கு," என்றார் பெரிய டாக்டர். "அதுதான் விஷயம். இந்த ஒரு ஆளை விட்டுத் தள்ளு. எந்தக் கூட்டத்துலயும் ஒருத்தர் இப்படி இருப்பாங்க. அந்த ஊசியைப் பிடுங்கிட்டுப் பாரு, படம் சுத்தமா இருக்கும்."

"பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறேன் சார்."

"ஊசியையா?"

"ஆளை."

அது அவளுடைய இன்னொரு வழக்கம். ஒரு புள்ளியைத் தாளிலிருந்து எடுக்க வேண்டுமானால், அந்தப் புள்ளிக்குச் சொந்தக்காரர் காலையில் எழுந்து என்னென்ன செய்கிறார் என்பது வரை தெரிந்துகொண்ட பிறகுதான் எடுப்பாள். இதனால் வேலை தாமதமாகிறது என்று அவள் மேல் புகார்கூட உண்டு.

நோயாளிகள் வரும் நாளில் காலையிலேயே கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்து, காத்திருக்கும் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். இரத்தம் எடுக்கும் அறை வாசலில் நின்ற தலைமை நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன கோட்டம்மா, எங்க பக்கமெல்லாம் வந்திருக்கீங்க? மேல கரண்ட் போயிடுச்சா?"

"மேல இருந்து பாத்தா எல்லாரும் குண்டூசியாத்தான் தெரியறாங்க சிஸ்டர். முகத்தையும் பாத்துடலாம்னு வந்தேன்."

"பாருங்க, பாருங்க. உங்க ஊசியெல்லாம் என்கிட்டதான் ஊசி போட்டுக்குது," என்று சொல்லிவிட்டு நர்ஸ் உள்ளே போனார்.

அந்த ஒற்றை நீல ஊசி, பேக்கரி நடத்துகிற ஓர் அம்மாள். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். சின்னவள் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டாள்.

"மணியெல்லாம் பாக்கறதில்லம்மா. முதல் தட்டு பன் அடுப்புலேருந்து வந்ததும் ஒண்ணைப் பிச்சு, வெண்ணெய் தடவித் தின்னு பாப்பேன். உப்பு நின்னுச்சா, உள்ள வெந்துச்சான்னு பாக்கணும் இல்ல? நான் தின்னு பாக்காத பன் கடைக்கு வராது. அதோடயே மாத்திரையையும் போட்டுக்குவேன்."

"தினமும் வெண்ணெயோடயா?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க. கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்காங்க."

"சொல்லமாட்டேன்," என்றாள் சின்னவள். அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

அடுத்து டிரைவர். சீருடைச் சட்டையின் மேல் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, ஆஸ்பத்திரி நாற்காலியிலும் ஓட்டுநர் இருக்கையில் உட்காருகிற மாதிரியே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"நீங்க எப்படிப் போடறீங்க அண்ணா?"

"காலைல முதல் வண்டி என்னுதும்மா. டிப்போவுல ஒரு டம்ளர் தண்ணியோட மாத்திரையைப் போட்டுட்டு வண்டியை எடுத்தா, ரெண்டு நடை முடிஞ்சுதான் சாப்பாடு."

"வெறும் வயித்துலயா?"

"வெறும் வயித்துல போட்டாத்தானே மருந்து நல்லாப் பிடிக்கும்? எங்க வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க."

சின்னவளின் முதுகும் தானாக நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் ஒருவரையும் விடவில்லை. ஒற்றை மாத்திரைக்காரர்களில் ஏறக்குறைய எல்லாரும் எழுந்ததும் தண்ணீரோடு, அல்லது ஒரு வாய் தேநீரோடு போடுகிறவர்கள். மூன்று மாத்திரைக்காரர்கள் அத்தனை பேரும், ஒருவர் பாக்கியில்லாமல், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போடுகிறவர்கள். ஏன் என்று கேட்டதற்கு எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "சிஸ்டர் சொன்னாங்க."

நர்ஸைத் தேடிப் போனாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றார் நர்ஸ். "மூணையும் வெறும் வயித்துல போட்டா குமட்டுதுன்னாங்க. பாவமா இருந்துச்சு. முட்டை, பால், எதாவது நல்லா சாப்பிட்டுட்டுப் போடுங்கன்னேன்."

"ஒத்த மாத்திரைக்காரங்ககிட்ட?"

"அவங்கதான் குமட்டுதுன்னே சொல்லலயே. எதுக்குச் சொல்லணும்?" சொல்லிக்கொண்டே வந்த நர்ஸின் குரல் பாதியில் நின்றது. "கோட்டம்மா, நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்ல சிஸ்டர். நல்லதைத்தான் சொல்லியிருக்கீங்க. பாதிப் பேருக்குச் சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்."

விஷயம் இதுதான். அந்த மருந்து எண்ணெய்ப் பசையில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. சாப்பாட்டில் உள்ள கொழுப்போடு சேர்ந்தால் குடலைத் தாண்டி இரத்தத்துக்குள் போகும். வெறும் வயிற்றில் பாதி வீணாகிவிடும். முதல் சோதனையில் ஆரோக்கியமானவர்களை வார்டிலேயே தங்கவைத்து, எல்லாருக்கும் ஒரே காலைச் சாப்பாட்டைக் கொடுத்துப் பிறகே மாத்திரை கொடுத்ததால் அது யார் கண்ணிலும் படவில்லை. இந்தச் சோதனையின் விதிகளில் 'காலையில் ஒரு வேளை' என்பதோடு சரி. சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று ஒரு சொல் இல்லை. அதன் அடியில் பெரிய டாக்டர், அக்கா, சின்னவள் மூவருமே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

கூட்டத்தில் அவள் இதைச் சொல்லி முடித்தபோது, பெரிய டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்போ நாம ஒரு மாத்திரைக்கும் மூணு மாத்திரைக்கும் போட்டி வைக்கல. பட்டினிக்கும் சாப்பாட்டுக்கும் போட்டி வச்சிருக்கோம்."

"ஆமா சார்."

"அந்த பேக்கரி அம்மா வெண்ணெய் சாப்பிடறாங்களா?" என்றாள் அக்கா. சின்னவள் பலகையைப் பார்த்தாள். "நான் அவங்களுக்குக் கொழுப்பே ஆகாதுன்னு சொல்லியிருக்கேன்."

"நல்லவேளை, அவங்க உன் பேச்சைக் கேக்கல," என்றாள் சின்னவள். இந்தத் தடவை அறை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

ஆனால் அக்கா அத்தோடு விடுகிறவள் இல்லை. "சாப்பாட்டோட போட்டா ரத்தத்துல மருந்து ரெண்டு மடங்கு ஏறும். மூணு மாத்திரைக்காரங்களுக்கு வர்ற தலைசுத்தல் இவங்களுக்கும் வந்தா? ஒருத்தர் பஸ்ஸை ஓட்டறார்டி. பின்னாடி அம்பது பேர் உக்காந்திருப்பாங்க."

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். இன்னொரு தாளை விரித்தாள். தலைசுத்தல் வந்தவர்களின் மருந்தளவு எல்லாம் ஓர் உயரத்துக்கு மேலேயே இருந்தன. சாப்பாட்டோடு ஒரு மாத்திரை போட்டால் நாளின் உச்சத்தில்கூட அந்த உயரத்தில் பாதிக்குக் கீழேதான் நிற்கும். "பேக்கரி அம்மா ஒண்ணரை மாசமா இந்த அளவுலதான் இருக்காங்க. சுடச்சுட தட்டைத் தூக்கறாங்க. ஒரு நாள்கூட தலை சுத்தினதில்ல."

"கணக்கு சரி. இருந்தாலும் முதல் ரெண்டு வாரம் டிரைவர் ஸ்டியரிங் பக்கம் போகக் கூடாது. நான் எழுதித் தரேன்."

"அது சரிதான் அக்கா. நானும் அதையேதான் சொல்லலாம்னு இருந்தேன்."

"சொல்லலயே."

"நீதான் முந்திக்கிட்டியே."

விதியை மாற்ற ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழு அனுமதி தந்தது. இனி எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத்தான் மாத்திரை போட வேண்டும். டிரைவர் இரண்டு வாரம் டிப்போ அலுவலகத்தில் உட்கார்ந்து நேர அட்டவணை எழுதினார். அதைவிட மூட்டுவலியே தேவலை என்று நர்ஸிடம் சொன்னாராம்.

சின்னவள் புதிதாக ஒரு நீலக் கோட்டை வரைந்தாள். பழைய தாளைக் கழற்றாமல் பக்கத்திலேயே மாட்டினாள். ஆறு வாரத்தில் மார்க்கர் நாற்பது சதவீதத்தைத் தாண்டி இறங்கி, தொடங்கிய அளவில் பாதியை நெருங்கி நிற்கும் என்றது புதுக் கோடு. தேதி, கையெழுத்து.

"நிக்கலைன்னா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"ரெண்டு தப்பான கோடு பலகையில இருக்கும் சார். நீலத்தை நிறுத்திடலாம். நான் எதிர்த்துப் பேசமாட்டேன்."

சொல்வது சுலபமாக இருந்தது. இரண்டாவது வார ஊசிகளைக் குத்திவிட்டு, எண்களை இரண்டு தடவை சரிபார்த்தாள். கோடு லேசாகத்தான் வளையத் தொடங்கியிருந்தது. ஊசிகளும் அப்படித்தான். ஆனால் சில மேலே, சில கீழே. பார்க்கிறவர் மனசுக்குத் தக்கபடி எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். தொட்டி வற்றுவதற்குள் ஆட்களின் பொறுமை வற்றிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை. அக்கா காரில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேரம் போர்டைப் பற்றிக்கூடப் பேசவில்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

"உங்க அக்கா பேசறதில்லன்னு குறைப்படறீங்களா?" என்றார் நர்ஸ் ஒரு நாள். "தினம் காலைல ரவுண்ட்ஸுக்கு முன்னாடி அந்த அறைக்குப் போய்ப் பலகை முன்னாடி நிக்கறாங்க. வாரத்துக்கு ஒரு தடவைதான் ஊசி மாறும்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன?"

ஆறாவது வார முடிவுகள் வந்தன. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே அறை நிறைந்துவிட்டது. நர்ஸ் ஒவ்வொரு எண்ணாகப் படிக்க, சின்னவள் குத்தினாள். முதல் ஊசி கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே. இரண்டாவது மேலே. மூன்றாவது கோட்டிலேயே. பிறகு வரிசையாக, பள்ளிக்கூட மணி அடித்ததும் வந்து நிற்கிற பிள்ளைகள் மாதிரி, நீல ஊசிகள் கோட்டின் இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வந்து நின்றன. படிக்கிற நர்ஸின் குரல் ஏறிக்கொண்டே போனது. ஓர் ஊசி மட்டும் தன்னந்தனியாக வெகு மேலே போய் நின்றது.

"இதைப் பிடுங்கவா?" என்றார் பெரிய டாக்டர். அவர் குரலில் கேலி இருந்தது.

"ரத்தம் எடுத்த அன்னிக்கே ஆளைக் கேட்டுட்டேன் சார். ஊருக்குப் போனாராம். மாத்திரை டப்பாவை வீட்டுலயே வச்சுட்டுப் போயிட்டாராம். ஊசி அங்கயே இருக்கட்டும். மாத்திரை போடாட்டி என்ன ஆகும்னு அவராவது காட்டட்டும்."

கடைசி ஊசி மிச்சம். நர்ஸ் எண்ணைப் படித்தார். அக்கா எழுந்து வந்து தங்கையின் கையிலிருந்து ஊசியை வாங்கினாள். தாளில் இடம் தேடி, கண்ணைச் சுருக்கி, அளந்து குத்தினாள். கோட்டின் நட்டநடுவில்.

"டிரைவரோடது," என்றாள். பிறகு பெரிய டாக்டர் பக்கம் திரும்பி, "ஒத்த மாத்திரை இருக்கட்டும் சார்," என்றாள்.

"இருக்கட்டும்." அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அறிக்கையில முதல் படமா இதைப் போடுங்க. ரெண்டு தாளையும். தப்பான கோட்டையும் சேர்த்துத்தான். அது இல்லாட்டி இது வந்திருக்காது."

காரில் ஏறியதும் அக்கா சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?" என்றாள் சின்னவள்.

"போர்டு கோணல்தான்," என்றாள் அக்கா. அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பினாள். அதற்கு மேல் அவர்கள் வீட்டில் யாரும் யாரையும் புகழ்ந்ததில்லை.

டிரைவர் அடுத்த முறை வந்தபோது, தன் இரத்தம் அந்தப் பலகையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார். மற்றவர்களின் ஊசிகள் இருப்பதால் காட்ட முடியாது. ஆகவே சின்னவள் ஓர் உள்ளங்கை அளவு அட்டையில் நீலக் கோட்டை மட்டும் வரைந்து, அதில் அவருடைய புள்ளிகளை மட்டும் வைத்து, வழக்கம் போலத் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள்.

அவர் விரல்களை நன்றாக மடக்கி அட்டையைப் பிடித்துப் பார்த்தார். "இந்தக் கோடு எப்போ போட்டதும்மா?"

"உங்க ரத்தம் எடுக்கறதுக்கு ஆறு வாரம் முன்னாடி."

"ஸ்டாப்பை நீங்க முதல்லயே போட்டுட்டீங்க. நான் கரெக்டா கொண்டுவந்து நிறுத்தியிருக்கேன்." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "சர்வீஸுல ஒரு நாள்கூட நான் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்தினதில்ல."

சில நாள் கழித்துச் சின்னவள் அம்மாவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. அக்காவுக்கு வார்டில் வேலை. கார் இல்லை. நிறுத்தத்தில் வந்து நின்ற பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஓட்டுவது யார் என்று தெரிந்தது. முன் கண்ணாடிக்கு மேலே, மற்ற டிரைவர்கள் பிள்ளைகளின் படத்தைச் செருகி வைக்கிற இடத்தில், அந்த அட்டை இருந்தது.

அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்ததும் அதைப் பார்த்துவிட்டார். "அது என்னப்பா படம், வளைஞ்சு வளைஞ்சு?"

டிரைவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "என் ரத்தம் போன ரூட்டும்மா. உங்க பொண்ணு போட்டுக் குடுத்தது. வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே எந்த ஸ்டாப்புல எப்போ நிக்கும்னு எழுதிட்டாங்க. அதனாலதான் இந்த ஸ்டியரிங் இன்னும் என் கையில இருக்கு."

அம்மா இருக்கையில் முன்னால் நகர்ந்தார். அட்டையின் மூலையில் இருந்த கையெழுத்தை, எட்டிப் பார்த்து, நன்றாகப் பார்த்தார். இரண்டு நிறுத்தம் கழிந்தது. பக்கத்தில் கூடையோடு வந்து உட்கார்ந்த ஒரு பெண்மணி, "இது உங்க பொண்ணா? என்ன பண்றாங்க?" என்று பேச்சுக்குக் கேட்டு வைத்தார்.

"சின்னவ," என்றார் அம்மா. "மருந்தை முழுங்கினா ரத்தத்துல என்ன ஆகும், எத்தனை நாள்ல ஆகும்னு முன்கூட்டியே கோடு போட்டுச் சொல்லுவா. சொன்னா சொன்ன இடத்துல வந்து நிக்கும். ஒரு தடவை நிக்கலைன்னா, ஏன் நிக்கலைன்னு ஒவ்வொரு ஆளா வீட்டு அடுப்படி வரைக்கும் விசாரிச்சுக் கண்டுபிடிப்பா. பெரிய பெரிய டாக்டருங்கள்லாம் இவ கோட்டைப் பாத்துட்டுத்தான் டோஸ் எழுதறாங்க." மூச்சு வாங்கிக்கொண்டார். "அந்த அட்டையில இருக்கே, அது இவ கையெழுத்து."

சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரிடமிருந்து இவ்வளவையும் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. காரில் வாய் திறக்காத ஒருத்தி, வீட்டில் திறந்திருக்கிறாள்.

"ஒரே பொண்ணா?" என்றார் கூடைக்காரர்.

"இன்னொருத்தி இருக்கா," என்றார் அம்மா, அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரியவ. அவளும் அதே ஆஸ்பத்திரிதான். டாக்டரா இருக்கா."